மணக்காத சப்பாத்து

அந்தச் சப்பாத்துச் சோடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பின்வரிசையில் நின்றவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

மண்ணிறத் தோலில் தைத்த சின்னஞ்சிறு சப்பாத்துகள். ஒன்று என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஓர் அலுமினியச் சட்டம் குழந்தையின் தோள் அகலத்துக்கு விரித்துப் பிடித்திருந்தது. அன்று புதன்கிழமைக் கிளினிக். என் கதிரையைச் சுற்றி ஐந்தாறு மாணவர்கள் நின்றார்கள். எதிரே வாங்குகளில் தாய்மார் பிள்ளைகளோடு இருந்தார்கள்.

"இது ரெண்டு மாசமாய்ப் போட்ட சப்பாத்து," என்றேன். "ஒரு பால் கறை இருக்கோ? ஒரு அழுக்கு இருக்கோ? இப்பிடி ஒரு தாய் கிடைச்சால் எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது."

சப்பாத்தின் சொந்தக்காரி ஆரணி, ஐந்து மாதக் குழந்தை. தாயின் மடியில் கிடந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். தாயின் பெயர் கௌசல்யா, இணுவில்காரி. நான் புகழப் புகழ அவள் சீமெந்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளின் எலும்பைத் தொட்டுப் பிழைத்தவன் நான். அன்று பிள்ளையின் காலைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தேன். கணுக்காலை ஒருதரம் மேலே தள்ளிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. பிள்ளை உதைக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரப் பத்தியில் அதைத்தான் எழுத வேண்டும். சென்ற வாரங்களில் என் கெட்டித்தனங்களை வாசித்து வாழ்த்துக் கடிதம் போட்டவர்கள் இந்த முறை பேனாவை மூடி வைக்கலாம்.

பாதத்தின் பிடிவாதம்

சில பிள்ளைகள் பாதம் உள்ளே திரும்பிப் பிறக்கிறார்கள். உள்ளங்கால் நிலத்தைப் பார்க்காது, மற்றக் காலைப் பார்க்கும். அப்படியே விட்டால் பிள்ளை வளர்ந்து, பாதத்தின் வெளி விளிம்பில், சில வேளை புறங்காலில்கூட நடக்கும்.

தாய்மார் இதற்குத் தங்களையே குற்றம் சொல்வார்கள். கிரகணத்தில் வெளியே போனேன் என்பாள் ஒருத்தி. வயிற்றில் பிள்ளையோடு மரக்கறி வெட்டினேன் என்பாள் இன்னொருத்தி. ஒருவர் குற்றமும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் நொந்துவிட்டது. ஒருத்தியாவது நம்பினாளா தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய வாளும் வேண்டாம், உளியும் வேண்டாம். பிறந்த சில வாரத்தில் பிடிக்க வேண்டும். கையால் மெல்லத் திருப்பி, தொடைவரை பிளாஸ்டர் போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கழற்றி இன்னும் கொஞ்சம் திருப்பி மறுபடி போட வேண்டும். ஐந்தாறு வாரத்தில் கால் நேராகிவிடும். பிறகு குதிக்காலுக்கு மேலே தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் வித்தை காட்டுகிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் இந்தத் தொழிலில் கிடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் பாதத்துக்கு ஞாபகம் அதிகம். கருப்பையில் மாதக்கணக்காகத் திரும்பிக் கிடந்த இடத்துக்கே திரும்பிப் போகப் பார்க்கும். அதற்குத்தான் சட்டம் வைத்த சப்பாத்து. முதல் மூன்று மாதம் இரவும் பகலும், குளிக்கிற நேரம் தவிர. பிறகு நித்திரை கொள்ளும்போது மட்டும், நாலு வயது வரை. பிளாஸ்டர் என் வேலை, சப்பாத்து தாயின் வேலை. சப்பாத்தை விட்டால் நான் செய்தது அவ்வளவும் ஆற்றில் கரைத்த புளி.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எங்கள் தொழிலில் அந்த ஐந்து வருடமல்ல, மாதம்.

சுன்னாகத்தில் தைத்தது

முன்பெல்லாம் அந்தச் சப்பாத்துகள் வெளிநாட்டிலிருந்து வரும். ரப்பரும் துணியுமாய், பொம்மைச் சாமான்போல நிறம் நிறமாய் இருக்கும். பிறகு எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மருந்து இல்லை. சப்பாத்து எந்த மூலைக்கு?

என் அலுமாரியில் கடைசிச் சோடி முடிந்த வாரம், சுன்னாகத்தில் சந்தைக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கும் அந்தோனி அண்ணையிடம் போனேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டிக்கடை. பழைய சோடியை அவர் முன் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உதென்ன டொக்டர், ரெண்டு காலையும் சேர்த்து விலங்கு போடுறியளோ?"

"விலங்குதான் அண்ணை. நாலு வருச மறியல்."

"ரப்பர் இப்ப எடுக்கேலாது. நல்ல மெல்லிய தோல் கொஞ்சம் வைச்சிருக்கிறன். பிள்ளையின்ரை காலுக்கு அதுதான் குணம்."

அலுமினியம் யன்னல் செய்கிற கடையொன்றின் வெட்டுத் துண்டுகளில் கிடைத்தது. மூன்று நாளில் முதற் சோடி என் மேசைக்கு வந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. போகிற இடமெல்லாம் காட்டினேன். கொழும்பில் ஒரு கூட்டத்தில் பெரிய மருத்துவர்கள் நடுவே மேசையில் வைத்து, "யாழ்ப்பாணத்துச் சரக்கு" என்று பகிடி விட்டேன். கை தட்டினார்கள்.

ஆரணிக்குக் கிடைத்தது அந்த முதல் வரிசைச் சோடிகளில் ஒன்று.

வெட்டிய நூல்

என் வாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கியவர் கொழும்பில் ஒரு பெரியவர். கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் பாதத்தைத் தடவி எந்த எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்று சொல்வார். நாங்கள் பிழையாகச் சொன்னால் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டுவார். அவரிடமிருந்து கையையும் கற்றேன், வாயையும் கற்றேன். கை வந்து சேரப் பத்து வருடம் பிடித்தது. வாய் முதல் வாரமே வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை பண்டத்தரிப்பிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்தாள். பிளாஸ்டரை வெட்டிக் கழற்றினால், உள்ளே கணுக்காலில் ஒரு கோயில் நூல், போன வாரம் பஞ்சு சுற்றும்போது மறைத்துக் கட்டியது. கால் வீங்கி, நூல் தசைக்குள் அழுந்திச் சிவந்திருந்தது. பயந்துபோனேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

கத்தரிக்கோலால் நூலை வெட்டி, இரண்டு விரலால் தூக்கி மாணவர்களுக்குக் காட்டினேன். "உங்கடை சாமி காலை நிமித்துவாரெண்டால் பிறகேன் என்னட்டை வந்தனீர்? அவரையே பிளாஸ்டர் போடச் சொல்லும். நான் வீட்டை போறன்."

மாணவர்கள் சிரித்தார்கள். பின் வாங்கில் ஒரு தாய்கூடச் சிரிக்கவில்லை. அந்தப் பெண் நூலைத் திருப்பித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் அதைக் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

நூலை வெட்டியது சரி. இன்றும் வெட்டுவேன். மற்றதெல்லாம் எதற்கு?

என்னிடம் படித்து அவுஸ்திரேலியா போன ஒருவன், உங்களைப் போலவே இங்கும் ஏசிப் பார்த்தேன் சேர், வேலை போகப் பார்த்தது என்று எழுதியிருந்தான். வாசித்துச் சிரித்தேன். நான் தேடித் தேடிப் படிப்பித்தவர்களில் அநேகம் பேர் விமானம் ஏறிவிட்டார்கள். கையைக் கொண்டுபோனார்களோ இல்லையோ, வாயைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

படலை வரைக்கும்

புகழ்ந்த அன்றே கௌசல்யாவுக்கு ஒரு சலுகையும் கொடுத்தேன். பஸ் ஓடவில்லை. அவளுடைய கணவன் தோட்டக்காரன், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லாமல் பிள்ளையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். "ஆறு மாசத்துக்கு நீர் வரத் தேவையில்லை, பிள்ளை. உம்மை நம்பலாம்," என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் அடுத்த அட்டையை எடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அவள் வரவில்லை. ஒரு வருடமும் போயிற்று. வரிசைகள் குறைந்து, பஸ் ஓடி, எல்லாரும் பழையபடி தங்கள் தங்கள் துன்பத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் வந்தாள்.

ஆரணி நடந்து வந்தாள். இரண்டு வயதுக்குக் கிட்ட. இடது பாதம் நிலத்தில் படிந்தது. வலது பாதம் உள்ளே திரும்பி, வெளி விளிம்பில் நின்றது. விளிம்பில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. கிளினிக் முழுவதும் அவளை நடக்கவிட்டுப் பார்த்தது.

என் பிரிவில் அப்போது பிரணவி என்ற இளம் மருத்துவர் இருந்தார். புகழ்ந்த அன்று சுற்றி நின்ற மாணவர்களில் ஒருத்தி. அவர்தான் கௌசல்யாவின் பையிலிருந்து சப்பாத்தை எடுத்தார். அதே சோடி. மூன்று மாதக் குழந்தைக்குத் தைத்தது. பிரணவி அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"சேர், இது மணக்கேல்லை."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. இரவு பகலாகப் போட்ட சப்பாத்து நாறும். மூத்திரம், புளித்த பால், நல்லெண்ணெய், வேர்வை எல்லாம் தோலில் ஊறிவிடும். உள்ளே குதிக்கால் பதிந்த குழி கறுத்திருக்கும். கிளினிக்கில் அந்த மணத்துக்கு நாங்கள் சலித்துக்கொள்வோம். இந்தச் சப்பாத்தில் புதுத் தோல் மணம்கூட இருந்தது. நான் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியது ஓர் இரவுகூடப் போடாத சப்பாத்து.

மாணவர்களை வெளியே போகச் சொன்னேன். பிரணவி மட்டும் நின்றார்.

"எங்கை வைச்சிருந்தனீர்?" என்று கேட்டேன். குரலைக் குறைத்துத்தான் கேட்டேன்.

"வேலிப் படலையடியிலை, சைக்கிள் கொட்டிலுக்குள்ளை, டொக்டர். இஞ்சை வெளிக்கிடேக்கை படலையிலை வைச்சுப் போடுறனான். திரும்பிப் போய்ப் படலையிலை கழட்டுறனான்."

"ஏன்?"

"நேர்த்தி."

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழித்த அன்று கோயில் வாசலில் நேர்ந்திருக்கிறாள். பிள்ளை உள்ளங்கால் நிலத்தில் பட நடந்து முருகன் கோயில் வீதியை ஒருமுறை சுற்றி வரும்வரை, வீட்டுப் படலைக்குள் மச்சமாமிசமும் எடுப்பதில்லை, தோலும் எடுப்பதில்லை. கணவன் தோல் செருப்பையும் பெல்ட்டையும் தோட்டத்துக் கொட்டிலில் வைத்துவிட்டான். வீட்டில் ஒரு பழைய தவில்கூட இருந்ததாம், அதையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப உந்தச் சப்பாத்துத் தோலிலை வரும் எண்டு எனக்குத் தெரியாது, டொக்டர். மற்றப் பிள்ளையளுக்கு ரப்பரிலைதானே குடுத்தவை."

"நேர்த்தியை மாத்தேலாதோ?"

"பிள்ளையின்ரை காலுக்கு நேர்ந்ததை என்னெண்டு மாத்திறது?"

கால் சரிவருவதற்காக நேர்ந்த நேர்த்தி, காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றியிருக்கிறது. அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் வலிகாமத்துச் சைவ வீட்டில் பிறந்தவன்தான். கந்தசட்டி ஆறு நாளும் ஐயாவின் தோல் பெல்ட் மாட்டுக்கொட்டிலில் தொங்கும். என் பள்ளிக்கூடச் சப்பாத்து வேலிக்கு வெளியே கிடக்கும். இதையெல்லாம் மறந்துவிட்டுத் தோலில் சப்பாத்துத் தைத்து, இணுவில் கோயில் வீதியில் குடியிருப்பவளிடம் கொடுத்து, இரவும் பகலும் வீட்டுக்குள் போடு என்று சொன்ன முட்டாள் வேறொருவன்.

"துணியிலை தைப்பிச்சிருப்பனே, பிள்ளை. அந்தோனி அண்ணைக்கு ரெண்டு நாள் வேலை. ஒரு சொல்லுக் கேட்டிருந்தால்…"

"உங்களிட்டையோ, டொக்டர்?"

அதில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

"நீங்கள் நூல் வெட்டின அண்டைக்கு நான் உந்த வாங்கிலைதான் இருந்தனான்," என்றாள். "பிறகும் சொல்லுவம் எண்டுதான் ஒரு நாள் வந்தனான். அண்டைக்குத்தான் சப்பாத்தைத் தூக்கிக் காட்டி எல்லாருக்கும் முன்னாலை என்னைப் புகழ்ந்தனீங்கள். அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது? ஆறு மாசம் கழிச்சு வர வெளிக்கிட்டும் படலையோடை நிண்டிட்டன்."

மற்றவளும் பார்த்தாள்

அவர்கள் போன பிறகு கைகழுவும் தொட்டியடியில் நெடுநேரம் நின்றேன். பிரணவி துவாயை நீட்டினார்.

"உமக்கு எப்ப விளங்கினது?" என்று கேட்டேன்.

அவர் குழாயை மூடினார்.

"அண்டைக்கே விளங்கினதோ?"

"சந்தேகமாய் இருந்தது, சேர். நீங்கள் தூக்கிக் காட்டிப்போட்டு என்ரை கையிலைதானே தந்தனீங்கள். சும்மா மணந்து பார்த்தனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தீங்கள்."

இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருத்தி என் முன்னால் இருந்தாள், ஒருத்தி பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் என்னிடம் சொல்லப் பயந்தார்கள். நடுவில் ஐந்து மாதக் குழந்தை விரல் சூப்பிக்கொண்டு கிடந்தாள். நல்ல ஆசிரியன் என்று எனக்கு இரண்டு மூன்று பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அவற்றை என்ன செய்வது என்று இப்போது யோசிக்கிறேன்.

மறுபடி பிளாஸ்டர் போட்டோம். வாரா வாரம் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுத் தகப்பன் கொண்டுவந்தான். கால் பாதி வழிக்கு வந்து நின்றுவிட்டது. இனி வெட்டித்தான் திறக்க வேண்டும்.

நானே செய்தேன். பிரணவி எதிரே நின்றார். உட்பக்கத்தைத் திறந்து, இறுகிப்போன நார்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். வேலையில் ஒரு பிழை சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்டித் திறந்த பாதம் பார்வைக்கு நேராகும், ஆனால் உள்ளே தழும்பு கட்டி இறுகிவிடும். இப்போது தெரியாது. பிள்ளை வளர வளரத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதில், மற்றப் பிள்ளைகள் ஓடுகிற நேரத்தில், வலிக்கத் தொடங்கும். சப்பாத்தோடு வளர்ந்த கால் அப்படி ஆவதில்லை. இதை நான் கௌசல்யாவுக்குச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது.

பிரணவிக்கும் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. போகவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? அடுத்த வருடம் நானும் ஓய்வு பெறுகிறேன். பிறகு இந்த மேசைக்கு யார் வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அலுமாரியில் துணியில் தைத்த சப்பாத்துகள் பன்னிரண்டு சோடி இருக்கின்றன. அந்தோனி அண்ணை இரண்டு நாள்கூட எடுக்கவில்லை, ஒரு பின்னேரத்தில் முதற் சோடியைத் தைத்துத் தந்தார்.

இனி எடுக்கலாம்

போன மாதம் ஒரு புதன்கிழமை, அட்டையில் நாள் குறிக்காமலே கௌசல்யா வந்தாள். தலை முழுகி, ஈரம் காயாத கூந்தலில் பூ வைத்திருந்தாள். கையில் வாழையிலையில் சுற்றிய பொங்கல். ஆரணி அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நெற்றியில் விபூதி.

நடையைப் பார்த்தேன். வலது உள்ளங்கால் நிலத்தில் படுகிறது. கணுக்கால் மடிவதில்லை. முழங்காலிலிருந்து காலை வீசி வைக்கிறாள். தாய்க்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அன்று பார்க்க விரும்பவில்லை.

"வீதியைச் சுத்திப்போட்டாள், டொக்டர். தூக்க விடேல்லை. முழுக்க அவளே நடந்தவள்."

"நல்லது, பிள்ளை," என்றேன். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். பகிடியாக நினைக்கவில்லை.

அவள் பைக்குள் கை விட்டு அந்தச் சப்பாத்துச் சோடியை எடுத்து மேசையில் வைத்தாள். துடைத்து, தேங்காயெண்ணெய் பூசிக் கொண்டுவந்திருந்தாள்.

"நேர்த்தி முடிஞ்சுது. இனி வீட்டுக்குள்ளை தோல் எடுக்கலாம்," என்றாள். "இதிலை பெரிய அளவிலை ஒண்டு செய்து தருவீங்களோ? இந்த முறை ராப்பகலாய்ப் போடுவன், டொக்டர். கழட்டவே மாட்டன்."

மூன்று வருடத்தில் அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. தரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "வெட்டின காலுக்கு உது இனி உதவாது. உதுக்குரிய காலம் போயிட்டுது."



"ஓம், டொக்டர்," என்றாள். பொங்கலை மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.